பிரிக்காத பக்கங்கள்

"படிக்காமலே மதிப்புரை எழுதியிருக்கான், அன்னக்கிளி. இதோ அத்தாட்சி."

கன்னியப்பன் புத்தகத்தை மனைவியிடம் நீட்டினான். அவன் எழுதிய முதல் நாவல். 'மதிப்புரைக்கு' என்று கைப்பட எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பிய பிரதி, வாசகசாலை அலமாரியில் கிடைத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷமாகியும் புதுச்சேரி அச்சகங்களில் அவர்கள் வழக்கம் போகவில்லை. மடித்த பக்கங்களின் ஓரத்தை வெட்டாமலே தைத்துக் கொடுப்பார்கள். படிக்கிறவர்தான் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரதியில் ஒரு பக்கம்கூடப் பிரிக்கப்படவில்லை.

அந்தப் பத்திரிகையில் தேவதாஸ் எழுதிய மதிப்புரையோ வெளுத்து வாங்கியிருந்தது. 'தறிக்கூடத்துக் காட்சிகளில் உயிர் இருக்கிறது. கடைசி மூன்று அத்தியாயம் வெறும் பிரசங்கம்.' முதல் வரி கன்னியப்பன் கண்ணில் படவே இல்லை. எழுதியவன் கண்ணில் பாராட்டு எப்போதுதான் பட்டிருக்கிறது?

மில் வேலை முடிந்து வந்து மூன்று வருஷம் எழுதியது. பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கடையில் வைத்த பத்துப் பிரதியில் விற்றது ஒன்றே ஒன்று. அதை வாங்கிய புண்ணியவான் யாரென்று தெரியாமலே அன்னக்கிளி தினமும் அவருக்காக விளக்கேற்றிக் கும்பிட்டாள்.

"இனிமே பேனாவத் தொடமாட்டேன்," என்றான். "அந்த ஆள மட்டும் நாலு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

நெல்லித்தோப்பு வீட்டில் தேவதாஸே கதவைத் திறந்தார்.

"நான்தாங்க கன்னியப்பன். இத எப்படிப் படிச்சீங்க? பிரிக்கவே இல்லியே."

தேவதாஸ் புத்தகத்தைப் பார்த்தார். பதறவில்லை.

"இதப் படிக்கலீங்க. மதிப்புரைக்கு வர்ற எதையும் நான் வச்சுக்கறதில்ல. வாசகசாலைக்குக் குடுத்துடுவேன்."

"அப்பறம் எதப் பாத்து எழுதினீங்க?"

"ஓசியில சாப்புட்டுட்டு உப்பு கம்மின்னு சொல்ல நாக்கு கூசும். உக்காருங்க."

உள்ளே போய் இன்னொரு பிரதியை எடுத்து வந்தார். அத்தனை பக்கமும் பிரித்திருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. தறிக்கூடத்து அத்தியாயத்தின் அடியில், 'இங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன்' என்று எழுதியிருந்தது.

கன்னியப்பன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினான்.

அவனுடைய பச்சை மைக் கையெழுத்து.

அன்னக்கிளியின் புண்ணியவான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:

"அடுத்த புத்தகம் எப்பங்க கடைக்கு வரும்?"