பெட்டிக்குள் பேச்சு

கசகஸ்தானின் அல்மாத்தி நகரில் எர்முகான் வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி அன்று திறக்க மறுத்தது. ஒரு மணி நேரத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும். எழுதி வைத்த பேச்சு ஃபைலாக அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

பழுது பார்க்க வந்த சல்தனத் கேபிளை மாற்றினாள், ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

"கனெக்‌ஷன் வந்துடுச்சுண்ணே. ஃபைலைத் திறக்கத்தான் பெர்மிஷன் இல்ல. அட்மின் பாஸ்வேர்டு போடுங்க."

"என் ஏழாவது பாட்டன் பேரும்மா. அதைப் போய் எவனாவது மறப்பானா?"

எர்முகான் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். நான்காவது விரல் மடங்கவில்லை.

"எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"ம்... இந்தப் பெட்டிக்குள்ளதான்."

"சரி, என்ன பேச்சுண்ணே அது?"

அவர் மறுபடி முதல் விரலை மடக்கினார். அவர் மனைவி ரவ்ஷான்தான் சொன்னாள்: "'ஏழு பாட்டன் பேர் தெரியாதவன் கசாக்கனே இல்ல'ன்னு பிள்ளைங்களைத் திட்டப் போறாரு."