வாப்பாவின் படத்துக்குக் கீழே

நுஸ்ரா வீடியோவை ஓடவிட்டாள்.

திரையில் என் மகள் றிஸ்னா குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தங்க நிற எழுத்தில் ஒரு வரி இடப்பக்கமிருந்து வழுக்கி வந்து, றபான் மேளம் தட்டும் ஓசையோடு நின்று, கரைந்தது.

அடுத்ததாகப் பெருநாள் படம் வரவேண்டும். வரவில்லை. றிஸ்னா திடீரென்று பாடசாலைச் சீருடையில் நின்றாள்.

நுஸ்ராவின் விரல் ஒரு பொத்தானைத் தொட்டதை நான் பார்த்துவிட்டேன்.

"பெருநாள் படம் எங்க?"

"இருக்கு மாமி. எல்லாம் றிஸ்னா பாத்து சரின்னு சொல்லிட்டா. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

நுஸ்ராவின் வீட்டுக்கு நான் சொல்லாமல்தான் போயிருந்தேன். மாத்தளையில் எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்து வீடியோவை றிஸ்னாவின் சிநேகிதி நுஸ்ராதான் செய்வாள். படம் பிடிப்பதும் எழுத்துப் போடுவதும் அவள் கையால்தான், ஆண்கள் கண்ணில் படாமல். றிஸ்னாவின் கல்யாண மண்டபத்துத் திரையில் எங்கள் சொந்தக்காரர்களின் பெயர்கள் பிழையில்லாமல் வரவேண்டுமே என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் முதலில் போய் லெப்டொப்பைத்தான் மூடினாள்.

"பின்னால கொண்டு போங்க மகள்," என்றேன்.

அவள் மின்சாரம் போகப்போகிறது என்றாள். பிறகு கணினி சூடாகிவிட்டது என்றாள். நான் எழும்பவில்லை.

பெருநாள் படம் வந்தது. என் கணவர் றிஸ்னாவைத் தோளில் வைத்திருக்கிறார். அவள் அவருடைய தொப்பியைப் போட்டிருக்கிறாள். நானே ஆல்பத்திலிருந்து கழற்றிக் கொடுத்த படம்.

கீழே வரி வழுக்கி வந்தது.

மர்ஹூம் ஸஜ்ஜாத்.

மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களின் பெயருக்கு முன்னால் போடுகிற சொல்.

என் கணவர் மௌத்தாகிவிட்டார் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் மழை நாளொன்றில், கடைக்கு ஏலக்காய் எடுக்க லொறியில் இரத்தோட்டைக்கு மேலே போனார். மலை சரிந்தது. மண்ணைத் தோண்டி லொறியை எடுத்தார்கள். அதற்குள் அவர் இருக்கவில்லை. அந்தச் சரிவில் எங்கேயும் இருக்கவில்லை.

உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை வைக்கலாம் என்று வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவும் நான் இருக்கவில்லை. வீட்டில் அவருக்காக யாஸீன் ஓதவும், துஆ கேட்டுப் பிரார்த்திக்கவும் விடவில்லை. அதற்குப் பிறகு என் முன்னால் எல்லோரும் அவரை வெளியூர் போனவரைப் போலவே பேசினார்கள்.

நுஸ்ரா நிறுத்திவைத்த திரையில் அந்தச் சொல் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

கணவரின் தம்பி பஸ்லியின் முகம்தான் எனக்கு முதலில் வந்தது. ஆண் பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன் மௌத்தென்றால் கடையில் தம்பிக்கும் பங்கு விழும். ஊர்ச் சனம் நிறைந்த மண்டபத்தில் எல்லோரும் அந்தச் சொல்லை வாசித்துவிட்டால், பிறகு நான் என்ன சொல்லி மறுப்பது? கொஞ்ச நாளாகக் கடைச் சாவியைக் கேட்டுக் கேட்டு அவன் வந்து போனதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது.

"பஸ்லி ஒனக்கு என்ன தந்தான்?"

நுஸ்ராவின் முகம் சுருங்கிப்போனது. நான் அவளிடம் அதுவரை ஒருமையில் பேசியதில்லை.

"சாச்சா நேத்து வந்தார்தான் மாமி. இந்தச் சொல்ல எடுத்திருங்க, மதினி கண்டா தாங்கமாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

நான் நம்பவில்லை. "அப்ப போடச் சொன்னது யாரு?"

அவள் தன் கைபேசியை எடுத்தாள். பிறகு மேசையில் வைத்து ஒரு குரல் பதிவைத் தட்டினாள்.

றிஸ்னா பேசினாள். பக்கத்தறையில் நான் இருக்கும்போது பேசுகிற அடங்கிய குரல்.

"சாச்சா சொன்னாருன்னு அத எடுத்துராத நுஸ்ரா. மாப்பிள்ள வீட்டு பொம்பளைங்க வந்து எறங்குற நேரம் பாத்து அந்தப் படத்த போடு. உம்மா எதிர்கொள்ள வாசலுக்குப் போயிருப்பாங்க. திரும்பி வரக்குள்ள முடிச்சிரு. எங்க வாப்பாக்கு இன்னும் ஒரு சபையும் துஆ கேக்கலடி."

நுஸ்ரா வீடியோவை மெதுவாக நகர்த்தினாள். அந்தப் பெயருக்குக் கீழே, நான் பார்க்காத இரண்டாவது வரி ஒன்று வந்தது.

எங்கள் வாப்பாவுக்காகத் துஆ செய்யுங்கள்.

வந்தது, உடனே கரைந்தது.

வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. நுஸ்ரா வீடியோவைத் திரும்ப அந்த இடத்தில் நிறுத்தி, சுட்டியை அந்த இரண்டு வரிகளின் மேல் கொண்டுபோனாள்.

"அழிச்சிரவா மாமி?"

"இந்தத் துஆ எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மத்த வரியெல்லாம் நிக்கிற அளவுதான்."

"காணாது," என்றேன். "ஒரு பாத்திஹா ஓதி முடிக்கிற வரைக்கும் நிக்கணும்."

"இத இழுத்தா கூடுதல் நேரம் நிக்கும் மாமி," என்று அவள் திரையின் அடியைக் காட்டினாள்.

"நான் ஓதுறேன். நீங்க இழுங்க."

திரையின் அடியில் அந்த வரி ஒரு சின்ன மஞ்சள் பட்டையாகத் தெரிந்தது. அவள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு பிஸ்மி சொன்னேன். பட்டை நீளத் தொடங்கியது.

பாதியில் எனக்குக் குரல் வரவில்லை. நிறுத்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடங்கினேன்.

அவள் அந்த இடைவெளியையும் சேர்த்தே இழுத்தாள்.