மெசினில் ஒட்டிய மாதா

புலம்பெயர்ந்து வந்த நாட்டில் சறோஜா வேலை செய்த ஹென்டர்சன் தையல் தொழிற்சாலை மூடி மூன்று மாதமாகிவிட்டது. இறக்குமதிச் சட்டைகளின் மலிவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றார்கள். மெசின்களையும் கப்பலேற்றிவிட்டார்கள். தங்கை கவலைப்படுவாள் என்று சறோஜா அதை ஊருக்கு எழுதவில்லை.

இன்று கொழும்பிலிருந்து அந்தத் தங்கையின் கடிதம் வந்தது. கணவன் நோபேட் உரத்து வாசித்தான்.

"'அக்கா, எனக்குத் தையல் பக்டரியிலை வேலை கிடைச்சிட்டுது.' கேட்டியே, உன்ர மன்றாட்டு வீண்போகேல்லை."

"ஓம். மிச்சத்தை வாசியுங்கோ."

"'வெளிநாட்டிலையிருந்து வந்த பழைய மெசின் தந்திருக்கினம். அதிலை ஆரோ மடு மாதா படம் ஒட்டியிருக்கினம். எந்தப் புண்ணியவதியோ. உரிச்சு, செபப் புத்தகத்துக்குள்ளை வைக்கப்போறன்.'"

சறோஜா எழுந்துபோய்ப் பேனாவை எடுத்தாள்.

"இப்பவே பதிலோ? தேத்தண்ணி ஆறுது."

"படத்தை உரிக்காதை எண்டு எழுதவேணும்."

"ஏன், மாதா கோவிப்பாவோ?" நோபேட் சிரித்தான்.

சறோஜா சிரிக்கவில்லை. ஹென்டர்சனில் தன் மெசினில் அந்தப் படத்தை ஒட்டியவள் அவள்தான். ஒட்டுவதற்கு முன் அதன் பின்புறத்தில் எழுதியிருந்தாள்:

"மாதாவே, என்ர தங்கச்சி அஞ்சலினாவுக்கும் ஒரு வேலை குடுங்கோ."