மயில் வைத்த படச்சட்டம்

“கோழி நல்லா வந்திரிக்கு, அண்ணன்,” என்றாள் சீதேவி, பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து.

“கோழியில்ல. மயில்,” என்றார் வினாயகமூர்த்தி.

“மயிலுக்குத் தோகை?”

“அது இனித்தான் வரும்.”

சித்தாண்டியில் மாதர் சங்க மண்டபம். களிமண்ணில் படச்சட்டம் செய்யும் வகுப்பு. மூன்று சனிக்கிழமைகள், இன்று கடைசி. பதினெட்டுப் பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண்பிள்ளை வினாயகமூர்த்திதான். அறுபத்தாறு வயது, ஐந்து ஏக்கர் வயல், ஊரறிந்த பிடிவாதம். அடுத்தவர் தெரிவு செய்த எதிலும் அவர் கண்ணுக்குக் குற்றம்தான் முதலில் தெரியும். விதைநெல்லானாலும் சரி, மகன் ஜெயந்தன் வாங்கி வரும் சட்டையானாலும் சரி, அவராகப் பார்த்து எடுத்தால்தான் அது உருப்படி.

இந்த வகுப்புக்கு வந்ததும் அப்படித்தான். நோட்டீசைக் கொண்டுவந்து காட்டிய ஜெயந்தன், “உங்களுக்கு இது சரிவராதப்பா,” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அடுத்த நிமிடமே இவர் பெயரைக் கொடுத்துவிட்டார். “பேரப்புள்ளைகளுக்குச் செய்யப்போறன்” என்று முதல் நாளே வகுப்பில் அறிவித்தும் ஆயிற்று.

“பேரப்புள்ளைகள் எத்தின பேர், அண்ணன்?” சீதேவி விடுவதாயில்லை. தன் ஐந்து பேரப்பிள்ளைகளின் படத்தை மூன்று வாரமாக எல்லாரிடமும் காட்டித் திரிபவள் அவள்.

“எல்லாரும் வந்து சேரட்டும் தங்கச்சி, மறுகா எண்ணிப் பாப்பம்.”

“வெளிநாட்டிலயா?”

“கொஞ்சம் தூரத்திலதான் இரிக்கிறாங்க,” என்று சொல்லிவிட்டு மயிலின் கழுத்தை நீட்டினார். இப்போது அது கொக்கு மாதிரி ஆகிவிட்டது.

அவர் கவலை அவருக்கு. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். பிள்ளைகள் தாயின் வீட்டில், தாயைப் பெற்றவர்களின் மடியில் வளரும். அப்பப்பா என்பவர் திருவிழாவுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற ஆள். அந்த வீட்டுச் சுவரில் தன் கைபட்ட பொருள் ஒன்றாவது தொங்க வேண்டும், பிள்ளைகள் அதைப் பார்த்துத் தன்னை நினைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முதல் வாரம் செய்த சட்டம் வெடித்தது. இரண்டாம் வாரத்துச் சட்டமும் வெடித்தது. மூன்றாவதை வீட்டிலேயே செய்து, நிழலில் காயவைத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்திருந்தார்.

“தண்ணி கூடிப்போச்சு ஐயா. மயில் கழண்டு விழப்போகுது,” என்றபடி வந்தாள் பிரஷாந்தி. வகுப்பு எடுக்கும் பெண், வந்தாறுமூலைக்காரி.

“வயலில தண்ணி கூடினா வரம்ப வெட்டி விடுவன். இதில என்ன செய்யிற, புள்ள?”

“துணியால ஒத்தி எடுங்க. கெதியா வேணாம், ஆறுதலா.”

அவர் ஒத்தி எடுத்தார். மயிலை மயில் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். அதுவும் சிரிக்காமல் சொன்னாள். தேநீர் நேரத்தில் எல்லாருக்கும் சீனி போட்ட பால்தேத்தண்ணி வந்தது. அவருக்கு மட்டும் பிரஷாந்தி கையால் சீனியில்லாத இஞ்சித் தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். கேட்காமலே ஆளறிந்து கொடுக்கிறாளே, இப்படி ஒரு கெட்டிக்காரி எங்கே கிடைப்பாள் என்று அவர் வியந்துபோயிருந்தார்.

மதியத்துக்குள் தோகை வந்துவிட்டது. வாவியில் பொறுக்கிய மட்டி ஓடுகள், நடுவில் நீலக் கண்ணாடி மணி. ஓரம் முழுக்க நெல்மணிகளை ஒவ்வொன்றாகப் பதித்திருந்தார். சீதேவிகூட, “இப்ப மயில்தான்,” என்று ஒப்புக்கொண்டாள்.

மிச்சமிருந்தது படம் வைக்கும் வேலை. சீதேவியின் ஐந்து பேரும் சட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“உங்கட படத்தத் தாங்க ஐயா, வைப்பம்,” என்றாள் பிரஷாந்தி.

வினாயகமூர்த்தி கட்டியிருந்த சாறத்தில் கையைத் துடைத்தார். தகப்பனைக் கூட்டிப்போக வந்த ஜெயந்தன், வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்றான்.

“படம் இன்னும் எடுக்கல்ல, புள்ள.”

“ஏன் ஐயா? பேரப்புள்ளைகள் எப்ப வருவாங்க?”

“அது நீங்க சொல்லுற பதிலிலதான் கிடக்கு.”

வினாயகமூர்த்தி வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“வாசலில நிக்கிறவன் என்ட ஒரே மகன். இன்னும் கலியாணம் முடிக்கல்ல. பொண்ண நான்தான் பாக்கணும் எண்டு, வந்த பதினொரு சம்பந்தத்தையும் திருப்பி அனுப்பினவன் நான். உங்கட கையால தேத்தண்ணி குடிச்ச அண்டைக்கே முடிவெடுத்திற்றன். குடி கோத்திரமெல்லாம் விசாரிச்சாச்சு, பொருத்தந்தான். உங்கட அப்பா அம்மாவோட நாளைக்கு வந்து முறையாக் கதைக்கிறன். அவன் நான் சொன்னா மறுப்புச் சொல்ல மாட்டான். நீங்க ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். இது உங்கட வீட்டுச் சுவருக்குச் செய்த பிரேம். பாரமான சாமான், அங்க நல்ல ஆணி ஏதும் இரிக்கா?”

சீதேவியின் கையிலிருந்த பசைப் போத்தல் நழுவி விழுந்தது. வாசலில் நின்ற ஜெயந்தன் சட்டென்று குனிந்து, ஒரு பழுதுமில்லாத டயரை உற்றுப் பார்க்கத் தொடங்கினான்.

பிரஷாந்தி இரண்டு கையாலும் சட்டத்தை வாங்கி, மயில் நசுங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“ஆணி போன மாசமே உங்கட மகன் வந்து அடிச்சிற்றுப் போயிற்றார், மாமா,” என்றாள்.