கேள்வி தம்பிக்குத்தான்

"எத்தனை வருஷமா குடிக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது தம்பியை. பதில் சொன்னது அக்கா.

"ஏழு வருஷம் டாக்டர். இது மூணாவது ஆஸ்பத்திரி. எனக்குப் பேசிப் பேசி வாயே வலிச்சுப்போச்சு."

தம்பி தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ரயில் ஓட்டுபவன். போன வாரம் வேலைக்குப் போன இடத்தில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மிஷின் காட்டிக் கொடுத்துவிட்டது. வண்டியில் ஏறவிடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வழியெல்லாம் திட்டியபடியே அழைத்து வந்திருந்தாள்.

உட்கார்ந்ததிலிருந்து அடுக்கிக்கொண்டே போனாள். அதட்டிப் பார்த்தாயிற்று, காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பார்த்தாயிற்று. அலமாரியைப் பூட்டினால் செருப்பு டப்பாவில் ஒளித்து வைக்கிறான். எங்கள் குடும்பத்தில் இந்தக் கண்றாவியைத் தொட்டவர்களே கிடையாது.

"கொழுப்பு டாக்டர். வேற என்ன?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அஞ்சு நிமிஷம் அவர் பேசட்டும்மா. நீங்க சொல்லுங்க, குடிக்கலைன்னா என்ன ஆகுது?"

அக்கா பொறுமையிழந்து கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

"கண்ணை மூடினா அந்த ஆள் வந்துடறார் டாக்டர்."

அப்புறம் துண்டு துண்டாக வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு வளைவைத் தாண்டியதும் தண்டவாளத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தும் எழவில்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்தான். அத்தனை பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற ரயில் நினைத்த இடத்தில் நிற்குமா? கடைசி நொடியில் அவர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார்.

என்ன வேகம், எத்தனை மணி, பிரேக் எப்போது பிடித்தாய் என்று மேலதிகாரிகள் மூன்று பக்கத்துக்கு எழுதி வாங்கினார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அதே வண்டி, அதே வளைவு.

"குடிச்சா அந்த முகம் வராது," என்றான்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "இது கொழுப்பு இல்லம்மா. மனசுல பட்ட அடி. அதுக்கு வைத்தியம் பார்க்காம குடியை மட்டும் நிறுத்தச் சொன்னா எப்படி நிக்கும்?"

பிறகு அவனிடம் திரும்பினார்.

"நடந்ததை அப்பவே யார்கிட்டயாவது மனசுவிட்டுச் சொன்னீங்களா?"

தம்பி ஒரே ஒரு தடவை அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல டாக்டர். யார்கிட்டயும் சொல்லல."

அக்கா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"சொன்னான் டாக்டர். என்கிட்ட வந்து தேம்பித் தேம்பி அழுதான். ஆம்பளை இதுக்கெல்லாம் அழலாமா, கொஞ்சம் குடிச்சிட்டுத் தூங்கு, சரியாயிடும்னு சொல்லி, முதல் பாட்டிலை வாங்கிவரச் செஞ்சு இவன் கையில குடுத்ததே நான்தான்."