ஒன்பதாவது கேள்வி

கதவைத் தட்டுவதற்கு முன்பே ஒன்பதாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் போட்டிருந்தாள்.

இந்த வீட்டுக்கு மட்டும் அல்ல. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். காலையில் இட்லி வேகும் நேரத்தில் அன்றைய படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் மட்டும் சரசரவென்று டிக் போட்டு முடித்துவிடுவாள்.

வீட்டுக்கு ஒரு நிமிஷம் மிச்சம் என்று சொல்லிக்கொள்வாள்.

பொய்.

மனநலக் கணக்கெடுப்புக்கான பயிற்சி நாளில் ஒவ்வொருத்தியையும் எழுப்பி, கேள்விகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். தூக்கம், பசி, சலிப்பு எல்லாம் கடகடவென்று படித்தாள். ஒன்பதாவது வந்ததும் இருமல் வந்துவிட்டது.

‘கடந்த இரண்டு வாரங்களில், செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா?’

பத்துப் பேரில் ஒருவருக்கு மனசு சம்பந்தமான ஏதோ ஒரு நோய் இருக்கும், அவர்களில் முக்கால்வாசிப் பேர் டாக்டர் பக்கமே வருவதில்லை என்றார் அன்று வந்திருந்த டாக்டரம்மா. ஆமாம் என்பவர்களுக்குக் கிழித்துக் கொடுக்க ஒரு ரோஸ் நிறச் சீட்டுக்கட்டும் தந்தார். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் போதும்.

நூற்றுப் பதினோரு வீடு முடிந்திருந்தது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டுகூடக் குறையவில்லை.

அடேயப்பா, என்ன ஒரு சந்தோஷமான ஊர்.

கணக்கெடுப்பவர்களின் வீடு மட்டும் பட்டியலில் இல்லை.

விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு வரிசை லைன் வீடுகள். தறி ஓடும்போது அங்கே எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்தவள் பெயர் சாந்தாமணி. நாற்பது வயது இருக்கும். குளித்து, தலை வாரி, வெளியூர் கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள். வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

ஆதார் கேட்டால் மற்ற வீடுகளில் அரை மணி நேரம் பீரோவைக் கவிழ்ப்பார்கள். சாந்தாமணி கட்டிலில் இருந்த மஞ்சள் பையை அப்படியே நீட்டினாள். ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், மகளுடைய மார்க் ஷீட்டு. ஒவ்வொன்றும் தனித்தனி கவரில். கவர் மேல் ஸ்கெட்ச் பேனாவில் என்ன ஏது என்று எழுதியிருந்தது.

“எல்லா ஊட்லயும் இப்பிடி இருந்தா எங்க பொழப்பு எத்தன சுளுவா இருக்கும்ங்க்கா!”

மனசாரத்தான் சொன்னாள்.

“புள்ள எதையும் தேடிட்டு நிக்கக்கூடாதுங்களே,” என்றாள் சாந்தாமணி.

எட்டுக் கேள்விக்கும் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. அவள் ஃபைலை மூடப்போனாள். சாந்தாமணியின் விரல் குறுக்கே வந்து கடைசிக் கட்டத்தில் நின்றது.

“இதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்களாங்க?”

“எல்லாரும் இல்லைன்னுதானுங்க்கா சொல்றாங்க.”

“ஒருத்தருமே ஆமான்னு சொல்லலீங்களா?”

“ஒருத்தருமே சொல்லலீங்க.”

சாந்தாமணி அந்த டிக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

“அப்ப அதே இருக்கட்டுங்க.”

நாலு வீடு தள்ளி ஒரு வாசலில் கிரைண்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. தாண்ட இடமில்லை. புதுசா என்று வீட்டுக்காரியிடம் கேட்டாள்.

“சாந்தாமணியக்கா நேத்து குடுத்தாங்க. நீயே வெச்சுக்க, இனி எனக்கெதுக்குன்னுட்டாங்க.”

“ஊருக்குப் போறாங்களா?”

“அவங்களுக்கு ஏதுங்க ஊரு?”

மஞ்சள் பை. பெயர் எழுதிய கவர்கள். புள்ள எதையும் தேடிட்டு நிக்கக்கூடாதுங்களே.

ஃபைலைக் கிரைண்டர் மேல் போட்டுவிட்டு ஓடினாள். சீட்டுக்கட்டு மட்டும் கையோடு வந்துவிட்டது.

பகல் பதினோரு மணி. அந்த வெக்கையில் இரண்டு வரிசையிலும் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. சாந்தாமணியின் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினாள். தறிச் சத்தத்தில் அவள் காதுக்கே கேட்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள்.

“அக்கா! நான் சொன்னது பொய்யிங்க்கா!”

கதவில் காதை வைத்துப் பார்த்தாள்.

“ஒரு ஊட்ல ஆமான்னு சொல்லியிருக்காங்க!”

தறி ஓடிக்கொண்டே இருந்தது. அந்த டிக்கை இட்லி வேகும்போது போட்ட கையை வெட்டிப் போடலாம் என்று இருந்தது.

அப்புறம், கதவுக்கு மிக அருகிலிருந்து:

“எந்த ஊட்லீங்க?”

வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. மெதுவாகச் சொன்னால் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்காது. கத்திச் சொன்னால் இரண்டு வரிசைக்கும் கேட்கும். சாயங்காலத்துக்குள் அவள் புருஷன் காதுக்கும் போய்விடும்.

இருமலை விழுங்கினாள்.

“எங்க ஊட்ல!”

கதவு அசையவில்லை.

“நாந்தானுங்க்கா! இந்த வாரமே மூணு நாளு! நாந்தான்!”

வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் திரும்பவில்லை. சீட்டுக்கட்டிலிருந்து தனக்கென்று ஒரு சீட்டைக் கிழித்தாள். இன்னொன்றையும் கிழித்தாள். அதைக் கதவுக்கு அடியில் செருகினாள்.

பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது சீட்டு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சீட்டு மெல்ல உள்ளே போனது.

தாழ்ப்பாள் நகரும்வரை கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். எட்டிப் பார்த்த பெண்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

கிரைண்டர் வீட்டுக்காரி மட்டும் போகவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, இவள் கையிலிருந்த ரோஸ் நிறச் சீட்டுக்கட்டையே பார்த்தபடி நின்றாள்.