பச்சைக் கைக்காரி

"அக்கா, ஒரே ஒரு உதவி. எல்லைப் பாலம் தாண்டினதும் நான் உங்க கூடப்பிறந்த தம்பின்னு சொல்லிடுங்க!"

பின்சீட்டிலிருந்து தலையை நீட்டிக் கெஞ்சினான் எவரார்தோ. சான் அன்டோனியோவிலிருந்து மான்டெரே போகிற அந்த மலிவு பஸ்ஸில் அவன் ஏறாத சனிக்கிழமை கிடையாது. இந்தப் பக்கம் டெக்ஸஸில் ஷூ வாங்கி, அந்தப் பக்கம் மெக்ஸிகோவில் விற்கிறவன். காலடியில் ஷூ டப்பா, தலைக்கு மேலே ஷூ டப்பா, போதாக்குறைக்கு மடியிலும்.

"நான் எதுக்குய்யா உனக்கு அக்கா ஆகணும்?" என்றாள் எர்லிந்தா.

"சுங்கச் சோதனையில ஒரு குடும்பத்துக்கு ஒருத்தர் பட்டனை அழுத்தினா போதுமே! நீங்க அழுத்தினா பச்சை விளக்கு எரியும். அக்காவும் தம்பியும் ஜம்முனு வெளியே போயிடலாம். நான் அழுத்தினா, சனியன், சிவப்புதான் எரியுது. அப்புறம் டப்பா டப்பாவா பிரிச்சுப் பார்த்து வரியைத் தீட்டிடறாங்க."

"நெசந்தான்" என்றார் எதிர்சீட்டுப் பெரியவர். "மூணு வாரமா பார்க்கறேன். இந்தம்மா கை வச்சா பச்சைதான். பச்சைக் கைக்காரி!"

பஸ்ஸே சிரித்தது. எர்லிந்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"என் கையை வம்புக்கு இழுக்காதீங்க. நானே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எவரார்தோ அவளை ஏற இறங்கப் பார்த்தான். மற்றவர்களெல்லாம் கசங்கின பனியனும் ரப்பர் செருப்புமாக வந்திருக்க, இவள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற கவுன், காதில் தொங்கட்டான், உதட்டில் சாயம். மடியில் ஒரு பெரிய துணிப்பை. அதன் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"துண்டைக்கூட இஸ்திரி போட்டு வச்சிருக்கீங்க! யாரு பார்க்கப் போறாங்க?"

"பையிலேர்ந்து கண்ணை எடு."

"மான்டெரேல சொந்தம்னு யாரும் இல்லைங்கறீங்க. ஆனா சனிக்கிழமை போறீங்க, ஞாயித்துக்கிழமை திரும்பறீங்க. அடியில என்னதான்க்கா வச்சிருக்கீங்க?"

"வாயை மூடிக்கிட்டு வா தம்பி."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் பிடித்துக்கொண்டான். "பார்த்தீங்களா, தம்பின்னு சொல்லிட்டீங்க!"

பாலம் தாண்டி பஸ் நின்றது. டிரைவர் எழுந்து கத்தினார்.

"எல்லாரும் மூட்டையோட இறங்குங்க! சிவப்பு வாங்கினவங்களுக்காகக் கால் மணி நேரம்தான் நிப்பேன். அதுக்கு மேல நீங்களாச்சு, உங்க மூட்டையாச்சு!"

சுங்கக் கூடத்தில் ஒவ்வொருவராகப் பட்டனை அழுத்த, வரிசை நகர்ந்தது. பச்சை எரிந்தால் வலப்பக்கக் கதவு, நேரே தெரு. சிவப்பு எரிந்தால் இடப்பக்கம், தடுப்புக்குப் பின்னால் சோதனை மேஜை. மற்றவர்கள் அங்கே எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

எர்லிந்தாவுக்கு அந்த மேஜையைத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால், முதல் தடவை இந்த வழியாக வந்தபோது அவளுக்குச் சிவப்புதான் எரிந்தது. இடுப்பில் கைக்குழந்தை. பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினார்கள். கிழிந்த உள்பாவாடை வரைக்கும் வெளியே வந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், குழந்தை வீறிட்டது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அவமானம் இன்றுவரை ஆறவில்லை.

அவள் முறை வந்தது.

"மாதாவே, இன்னிக்காவது கண்ணைத் திற" என்று முணுமுணுத்தாள்.

எவரார்தோ அத்தனை டப்பாவையும் அணைத்தபடி அவளை ஒட்டி நின்றுகொண்டான். "சார், நாங்க ஒரே குடும்பம். இது என் சொந்த அக்கா. சின்ன வயசுல என்னைத் தூக்கி வளர்த்தவங்க!"

"அழுத்துங்க" என்றார் காவலர் கொட்டாவியோடு.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள்.

சிவப்பு.

வரிசை முழுக்க "ஐயோ!" என்றது. எவரார்தோ ஓரடி பின்னால் குதித்தான். "சார், இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது!"

ஆனால் பச்சைக் கைக்காரி கண்ணைத் திறந்து பார்த்தாள், பார்த்தவள் துள்ளிக் குதித்தாள்.

"சிவப்பு! எரிஞ்சிடுச்சு! எனக்குச் சிவப்பு எரிஞ்சிடுச்சு!"

அந்தப் பட்டனுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். காவலரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் ஓடினாள்.

"பாவம், பயத்துல கழண்டுடுச்சு" என்றான் எவரார்தோ.

அதே மேஜைக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி நின்றிருந்தாள். புத்தம்புது சீருடை, மடிப்புகூடக் கலையவில்லை. வந்தவளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, சட்டென்று விறைப்பானாள்.

"பையை மேஜை மேல வைங்க."

எர்லிந்தா வைத்தாள். யாரும் சொல்லாமலே தானே திறந்தும் விட்டாள். இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கு குலையாமல் இருந்தன. அடியில் ஒன்றுமே இல்லை. வெளியே பஸ் ஹாரன் அலறியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, அந்தச் சீருடையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையை நோக்கி வந்த அதிகாரியின் கை பாதியில் நின்றது. அடுத்த மேஜை மேலதிகாரியைப் பார்த்து, தடுப்புக்கு அப்பால் வரிசையில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"சார், இந்தப் பையை நான் சோதிக்கக் கூடாது, நீங்க வாங்க. இது எங்கம்மா!"